ஆஸ்பத்திரிக்கு வெளியே: ஜாம்கேட் கிராமங்களும் திருச்சபை மருத்துவமும்

மிஷன் ஆஸ்பத்திரி என்றதும் தமிழ் வாசகருக்குச் சில ஊர்கள் நினைவுக்கு வரும். குமரிப் பக்கம் நெய்யூர், யாழ்ப்பாணத்தில் மானிப்பாய், வட ஆற்காட்டில் வேலூர். நெய்யூரில் லண்டன் மிஷன் 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். பிறகு வாரம் ஒருநாள் குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார்.

இவை பலமுறை சொல்லப்பட்ட கதைகள். தியாகம், அர்ப்பணிப்பு என்று ஒரு பக்கமும், மதமாற்றத்துக்கான தூண்டில் என்று மறுபக்கமும் நூறாண்டாக ஒரே விதமாய் அவற்றைச் சொல்லிவருகிறோம். இந்த மரபு தன்னைத்தானே குற்றக்கூண்டில் நிறுத்திக்கொண்ட கதையோ நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. 1960களில் மிஷன் மருத்துவத்தை நடத்தியவர்களே, நாம் கட்டிய ஆஸ்பத்திரிகள் யாருக்காகக் கட்டப்பட்டனவோ அவர்களைச் சென்றடையவில்லை என்று சொன்னார்கள். வெளியாரின் ஏச்சாக இருந்தால் ஒதுக்கிவிடலாம். இது உள்ளிருந்து வந்த கணக்கு.

1964 மே மாதம் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் ஒரு கலந்தாய்வு கூடியது. உலகத் திருச்சபைகள் மாமன்றமும் லுத்தரன் உலக சம்மேளனமும் கூட்டியது. அப்போது மிஷன் மருத்துவம் இக்கட்டில் இருந்தது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றன, வெள்ளைக்கார டாக்டர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள், எக்ஸ்ரே கருவிக்கும் அறுவை அரங்குக்கும் ஆகும் செலவு ஏறிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிகளை மூடுவதா, தேசியத் திருச்சபைகளின் தலையில் கட்டுவதா என்ற நிர்வாகக் கேள்வியோடுதான் பலர் வந்தார்கள். பேச்சு வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அக்காலத்தில் எடுத்த மதிப்பீடுகளின்படி, திருச்சபைகளின் மருத்துவப் பணியில் ஏறத்தாழ 95 சதவீதம் ஆஸ்பத்திரியிலும் கிளினிக்கிலும் நடக்கும் சிகிச்சை. படுக்கையில் சேர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு வந்தவை வராமலே தடுத்திருக்கக்கூடிய நோய்கள். அதாவது, கலங்கிய குட்டைத் தண்ணீரைக் குடித்துப் பேதியாகி வருகிற குழந்தையைப் பிழைக்கவைத்து, அதே குட்டைக்கு அனுப்பிவைப்பதே வேலையின் பெரும்பகுதி. ஆஸ்பத்திரிக்கு நடந்தோ வண்டி பிடித்தோ வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்த உதவியும் கிடைத்தது.

ட்யூபிங்கனில் இதற்கு ஒரு இறையியல் பதிலும் உருவானது. மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். முழுக் கதைக்கும் திறவுகோல் இதுதான் என்பது என் எண்ணம். குணமாக்கும் பணி டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டும் ஒப்படைக்கப்பட்டதல்ல, சபை முழுவதற்கும் உரியது என்று அந்தக் கூட்டம் சொன்னது. வார்த்தை சமய வார்த்தை, விளைவோ மருத்துவ உலகைத் தொட்டது. குணமாக்குவது ஒரு தொழிற்குழுவின் தனிச்சொத்து இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு, வெள்ளை அங்கி போடாதவர் கையில் மருந்தைக் கொடுக்கலாமா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. சபை என்ற இடத்தில் ஊர் என்று போட்டுப் படித்தால் போதும். பதினான்கு ஆண்டு கழித்து உலக நலவாழ்வு நிறுவனம் பேசிய மக்கள் பங்கேற்பு அங்கே கருவாக இருக்கிறது.

ட்யூபிங்கனின் தொடர்ச்சியாக 1968-இல் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் அமைந்தது. இதன் ஆங்கிலச் சுருக்கமும் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சுருக்கமும் ஒன்றே, சி.எம்.சி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒட்டு உறவு உண்டு. ஆணையத்தை நடத்திய ஜேம்ஸ் மக்கில்வ்ரே அதற்கு முன் வேலூரில் ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்த்தவர். பெரிய மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் வரவுசெலவை உள்ளிருந்து பார்த்தவர்தான், அந்த மாதிரி இனிப் போதாது என்று உலகத் திருச்சபைகளிடம் போய்ச் சொன்னார்.

சொல்வது எளிது. செய்துகாட்டியது மகாராஷ்டிரத்தில், வேலூரில் படித்த ஒரு தம்பதி.

ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே இருவரும் வேலூர்க் கல்லூரியில் மருத்துவம் படித்தவர்கள். 1960-இல் மணம்செய்த நாளிலேயே கிராமத்து ஏழைகளுக்கு உழைப்பதென்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். 1962 முதல் அகமதுநகர் மாவட்டத்தில் வடாலா என்னும் ஊரின் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. நல்ல டாக்டர்கள், வரிசையில் கூட்டம், திருச்சபைக்குப் பெருமை. ஆனால் தாங்கள் குணமாக்கி அனுப்பும் நோய்களில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பதும், சுற்றுக் கிராமங்களில் நோயின் அளவு தங்கள் ஆஸ்பத்திரியால் அசையவே இல்லை என்பதும் அவர்களுக்குச் சில ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. உதவித்தொகை பெற்று அமெரிக்கா போனார்கள். அறுவை, பொது மருத்துவம் ஆகியவற்றில் பயிற்சி பெற்றபின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்தார்கள். அங்கே ஆசிரியர் கார்ல் டெய்லர். முசோரி மலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர், கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தில் உறுப்பினராகவும் இருந்தவர்.

1970-இல் ஊர் திரும்பி ஜாம்கேட் வட்டத்தைத் தேர்ந்தார்கள். மழை பொய்க்கும் பூமி. வேலை இல்லாத மாதங்களில் குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டப் புறப்பட்டுவிடும் ஊர்கள். உள்ளூர்த் தலைவர்கள் அழைத்தால்தான் வருவோம் என்று நிபந்தனை வைத்தார்கள். அழைத்தவர்கள் கொடுத்த இடம், பயனற்றுக் கிடந்த பழைய கால்நடை மருந்தகம். அதில் தொடங்கியது முழுமை ஊரக நலவாழ்வுத் திட்டம். பெயரில் கிறிஸ்துவும் இல்லை, மிஷனும் இல்லை. முதல் இலக்கு 30 கிராமம், 40,000 பேர்.

கிராமத்தில் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது டாக்டர் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 1970களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரம் கொடும் வறட்சியில் கிடந்தது. சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்றார்கள். ஆகவே இரண்டு டாக்டர்களும் முதலில் செய்தது குழந்தைகளுக்குப் பொதுச் சமையலும் ஆழ்துளைக் கிணறும்.

கிணற்று விஷயத்தில் ஆரோளே செய்த தந்திரத்தைச் சொல்லியாக வேண்டும். நீரோட்டம் பார்க்க வந்த நிபுணரிடம் முன்கூட்டியே பேசி, குழாய் இறக்கும் இடத்தைத் தலித் குடியிருப்புக்குள் குறிக்கவைத்தார். பூமிக்கடியில் தண்ணீர் அங்கேதான் இருக்கிறது என்று நிபுணர் சொன்னால் ஊர்த் தலைவர் என்ன செய்வார்? தாகம் சாதியைவிடப் பெரிது. காலங்காலமாகப் பொதுக்கிணற்றுக்கு எட்ட நிறுத்தப்பட்டவர்களின் தெருவுக்கு மேல்சாதிப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். இதை மருத்துவம் என்பதா, அரசியல் என்பதா? பேதி குறைந்தது என்ற அளவில் மருத்துவம். நிபுணரைக் கொண்டு ஊரை ஏமாற்றலாமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அந்த ஊர்களில் யார் எத்தனை தலைமுறையாக எதைக் கொண்டு யாரை ஏமாற்றினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அந்தக் கேள்வி உறைக்கவில்லை.

இளைஞர்களையும் விவசாயிகளையும் சேர்க்க வாலிபால் ஆடினார்கள். ஒரே பந்தைத் தொட்டு ஆடியபின் ஒரே தரையில் உட்கார்ந்து பேசுவது சற்று எளிதாயிற்று. அப்படி உருவான விவசாயிகள் மன்றங்களுக்குப் பின்னரே பெண்கள் மன்றங்கள் வந்தன. ஆண்கள் சம்மதியாமல் பெண்கள் வாசலைத் தாண்ட முடியாத ஊர்களில் வரிசை அப்படித்தான் இருக்க முடியும்.

ஆரோளே தம்பதியின் முதல் திட்டம் தோற்றது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற துணை நர்ஸ்களைக் கிராமங்களில் தங்கவைத்து நடத்தலாம் என்றிருந்தார்கள். படித்த இளம்பெண்கள் தனியாகத் தங்க அஞ்சினார்கள். ஊர்ப் பெண்களோ அவர்களை வேற்றாளாகவே பார்த்தார்கள். எங்கள் ஊரிலேயே ஒரு பெண்ணைத் தேர்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுங்களேன் என்ற யோசனை ஒரு கிராமத் தலைவரிடமிருந்து வந்தது. உலகப் பொதுச் சுகாதார நூல்கள் இன்று கொண்டாடும் முறை, டாக்டர்களின் திட்டம் தோற்ற இடத்தில் ஊர்க்காரர் சொன்ன மாற்று.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். தலித் பெண்கள் கணிசம். கணவனால் கைவிடப்பட்டவர்களும் இருந்தார்கள். தன் பெயரைக் கேட்டால் சொல்லக்கூடக் கூசியவர்கள். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து தங்கிப் படித்தார்கள். பாடத்தைவிடத் தங்கலே கடினம். மராத்தாப் பெண்ணும் தலித் பெண்ணும் ஒரே அறையில் உண்டு உறங்க வேண்டும். அதைக் கடந்தவர்களுக்குக் கருப்பைப் படம் புரிந்துகொள்வது சிரமமாக இருக்கவில்லை.

என்ன கற்றார்கள் என்பதில்தான் திட்டத்தின் நுட்பம் இருக்கிறது. அப்பகுதியில் கர்ப்பிணி குறைவாகச் சாப்பிட வேண்டும், பிள்ளை பெருத்தால் பிரசவம் கடினம் என்பது நம்பிக்கை. பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிட்டு இரண்டு மூன்று நாள் தாய்ப்பால் மறுப்பார்கள். தொப்புள்கொடியை அரிவாளால் அறுப்பதும் உண்டு. பேதியான குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். நம் பக்கத்துப் பாட்டிமாரிடமும் கேட்ட பேச்சுத்தான். இவற்றில் எதை மாற்றவும் எம்.பி.பி.எஸ். தேவையில்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலக்கத் தெரிந்தால், புது பிளேடும் வேகவைத்த நூலும் இருந்தால், அடுத்த வீட்டுக்காரி நம்பும்படி எடுத்துச் சொல்லும் வாய் இருந்தால் போதும். கடைசியில் சொன்ன தகுதி டாக்டர்களிடம் இல்லை, இந்தப் பெண்களிடம் இருந்தது. தான் பெற்ற பிள்ளையைப் பேதிக்குப் பறிகொடுத்த ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி கேட்பாள்.

காசநோயையும் தொழுநோயையும் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப் பழகினார்கள். தொழுநோயாளிகளைத் தனி இல்லங்களில் வைப்பது மிஷன் மருத்துவத்தின் நெடுநாள் வழக்கம். ஜாம்கேட்டில் அவர்கள் மற்ற நோயாளிகளோடு அதே வரிசையில் நின்றார்கள், ஊரிலேயே வாழ்ந்தார்கள். பழைய மரபிலிருந்து இது பெரிய விலகல்.

ஆஸ்பத்திரியை ஆரோளே தம்பதி கைவிட்டுவிடவில்லை. சிக்கலான பிரசவத்துக்கும் அறுவைக்கும் ஜாம்கேட்டில் சிறு ஆஸ்பத்திரி ஒன்று இயங்கியது. ஆனால் அது மையத்திலிருந்து விலகிக் கடைசிப் படியாக நின்றது. கிராமத்துப் பெண் அனுப்பினால் நோயாளி அங்கே வருவார்.

திட்டத்தின் சொந்தக் கணக்குப்படி 1971-இல் ஆயிரம் பிறப்புக்கு 176 ஆக இருந்த சிசு மரணம் 1976-இல் 52 ஆனது. 1979-இல் இருவருக்கும் மகசேசே விருது வந்தது. 1988-இல் வாஷிங்டனில் நடந்த ஒரு சர்வதேச நலவாழ்வு மாநாட்டில், ஜாம்கேட் நலப்பணியாளர் முக்தாபாய் பேசினார். மண்டபத்தின் சரவிளக்குகளைக் காட்டி, டாக்டர்கள் இவற்றைப் போல, அழகு, விலை அதிகம், கைக்கெட்டாது என்றார். பிறகு தான் கொண்டுபோன திரிவிளக்குகளை எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றை ஏற்றிக் காட்டினார். சரவிளக்கால் முடியாத வேலை அது. சபை எழுந்து நின்று கைதட்டியது.

இனி ஜெனீவாவுக்கு வருவோம். திருச்சபைகள் மாமன்றமும் உலக நலவாழ்வு நிறுவனமும் அந்நகரில் அக்கம்பக்கம். 1973-இல் அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநரான டேன்மார்க்கின் ஹாஃப்டான் மாலர் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகன், 1950களில் இந்தியாவில் காசநோய்த் திட்டத்தில் வேலைபார்த்தவர். 1974 மார்ச்சில் இரு தரப்பும் கூடிப் பேசின. மறு ஆண்டு அந்நிறுவனம் கென்னத் நியூவெல்லைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'ஹெல்த் பை தி பீப்பிள்' என்ற நூலை வெளியிட்டது. அதில் ஜாம்கேட் ஒரு அத்தியாயம். ஆணையத்தோடு தொடர்புடைய குவாத்தமாலா, மத்திய ஜாவா முயற்சிகளும் அதில் இடம்பெற்றன. 1978 செப்டம்பரில் சோவியத் கஜகஸ்தானின் அல்மா அட்டாவில் 134 நாடுகள் கூடி ஆரம்ப நலவாழ்வுச் சேவை பற்றிய பிரகடனத்தை ஏற்றன.

இதனால் அல்மா அட்டா முழுவதும் கிறிஸ்தவர்களின் கொடை என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. சீனத்தின் வெறுங்கால் வைத்தியர்கள், அதாவது குறுகிய பயிற்சியோடு கிராமங்களில் வைத்தியம் பார்த்தவர்கள், அதற்கு முன்பே உலகின் கண்ணைத் திருப்பியிருந்தார்கள். கம்யூனிஸ்ட் சீனத்தின் அனுபவமும் திருச்சபைகளின் சுயவிமர்சனமும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் விசித்திரங்களில் ஒன்று. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது, டாக்டர் பட்டத்தின் முன் கைகட்டி நிற்க மறுத்தது.

இந்தப் பணியில் நம்பிக்கைக்கு என்ன பங்கு? ஆரோளே தம்பதி தங்கள் கிறிஸ்தவத்தை மறைக்கவில்லை, நோயாளியிடம் விலையாகவும் கேட்கவில்லை. காத்திருப்போர் கூடத்தில் வேதம் வாசிப்பது பழைய மிஷன் ஆஸ்பத்திரிகளின் வழக்கமாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. மிஷன் மீதான சந்தேகம் காற்றில் முளைத்ததல்ல. ஜாம்கேட்டில் நம்பிக்கை வேறு வேலை செய்தது. அமெரிக்கப் பட்டங்களோடு எங்கும் போயிருக்கக்கூடிய இருவரை முப்பது, நாற்பது ஆண்டு ஒரே வறண்ட வட்டத்தில் இருத்தியது. மேபல் 1999-இலும் ரஜனிகாந்த் 2011-இலும் காலமானார்கள். அப்படி இருக்க மதம்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுப்படாத ஏதோ ஒன்று வேண்டும். அதைச் சுற்றறிக்கையில் எழுதி அனுப்ப முடியாது.

முடியாது என்பதை இந்திய அரசே காட்டியது. 1977 அக்டோபர் 2-இல் ஜனதா அரசு கிராம நலப்பணியாளர் திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு ஒருவர், மூன்று மாதப் பயிற்சி, மாதம் 50 ரூபாய். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், பஞ்சாயத்தில் செல்வாக்குள்ளவர்களின் ஆட்கள். பிரசவ அறைக்குள் கால்வைக்க முடியாதவர்களிடம் தாய்சேய் நலம் ஒப்படைக்கப்பட்டது. அது தேய்ந்து மறைந்ததில் வியப்பில்லை. ஜாம்கேட்டின் உருவம் நகலெடுக்கப்பட்டது. பெண்கள், சாதி, தொடர்ந்து வாரந்தோறும் படிப்பு என்ற மூன்றும் விடுபட்டன.

ஜாம்கேட்டின் சாதனையையும் வெளியாரின் கண்கொண்டு பார்க்க வேண்டும். 2010-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்விதழில் வந்த ஒப்பீட்டாய்வு திட்டக் கிராமங்களையும் அருகிலுள்ள மற்றக் கிராமங்களையும் எடுத்துக்கொண்டது. திட்டக் கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இறக்கும் அபாயம் சுமார் 30 சதவீதம் குறைவு. சிறிய வேறுபாடல்ல. ஆனால் அந்த ஆதாயம் பிறந்த முதல் மாதத்துக்குப் பிந்தியதில்தான் தெரிந்தது. முதல் மாதச் சாவில் வேறுபாடு காணப்படவில்லை. அரிவாளுக்குப் பதில் பிளேடு வந்ததே பெரிய வெற்றி என்று நினைத்திருந்த எனக்கு இது தடுமாற்றமாக இருந்தது. ஆய்வு அளந்தது திட்டத்தின் பிற்காலத்தை. அதற்குள் ரணஜன்னித் தடுப்பூசி எல்லாக் கிராமங்களுக்கும் போயிருந்தது என்பது ஒரு விளக்கமாகலாம். குறைமாதக் குழந்தையையும் மூச்சுத் திணறிப் பிறக்கும் குழந்தையையும் காப்பாற்ற எத்தனை நல்ல அண்டைவீட்டுக்காரி இருந்தாலும் கருவியும் நிபுணரும் வேண்டும் என்பது இன்னொன்று. ட்யூபிங்கன் காலத்து உற்சாகத்தில் ஆஸ்பத்திரியைக் கொஞ்சம் அதிகமாகவே தாழ்த்திவிட்டார்கள். நெய்யூர்களும் வேலூர்களும் தேவைதான், வரிசையில் அவை நிற்கும் இடம்தான் வழக்கு.

வேலூர்க் கல்லூரி அந்தப் பாடத்தைத் தன் வாசலிலேயே எடுத்துக்கொண்டது. கே.வி.குப்பம் ஒன்றியத்தில் அதன் ஊரக நலவாழ்வு, சமூகப் பணித்துறை 1977 முதல் இயங்குகிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருபவர் அந்தப் பகுதியின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். ஜாம்கேட்டை நினைத்து இதை வகுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நிற்கும் பெண் ஜாம்கேட்டின் உறவுக்காரி.

தேசிய அளவில் அவர் பெயர் ஆஷா. 2005-இல் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தோடு வந்தார். இந்த முறை பெண், அந்த ஊரில் வாழ்பவர் என்று விதியிலேயே எழுதினார்கள். இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். கொரோனா நாட்களில் வீடுவீடாகப் போனவர்கள் அவர்களே. 2022 மே மாதம் உலக நலவாழ்வு நிறுவனம் அவர்களுக்கு உலக நலவாழ்வுத் தலைவர்கள் விருதை வழங்கியது. அரசுப் பதிவேட்டில் அவர்கள் ஊழியர்கள் அல்லர், தன்னார்வலர்கள். செய்த வேலைக்கு ஊக்கத்தொகை உண்டு, சம்பளம் கிடையாது.